ஆணா, பெண்ணா? ஒரு கேள்வியின் வரலாறு



சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில், தேக்கா சந்தையை ஒட்டி, பஃபலோ சாலை என்றொரு சிறிய சாலை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் செழித்திருந்த கால்நடை வாணிபத்தின் நினைவாக எஞ்சியிருக்கும் பெயர் அது. மலாய் மொழியில் 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். அத்தொழுவத்தின் பெயரைத் தாங்கிய மருத்துவமனை 1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், 30 படுக்கைகளுடன் இலவச மகப்பேற்று மருத்துவமனையாகச் செயல்படத் தொடங்கியது. நாம் 'கே.கே.' என்று சுருக்கமாகச் சொல்வது இதனைத்தான். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகில் ஒரே ஆண்டில் மிக அதிகமான பிள்ளைகள் பிறந்த மருத்துவமனை என்று கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்தது. 1997இல் அம்மருத்துவமனை அருகிலேயே புக்கிட் தீமா சாலையில் எழுந்த புதிய கட்டடத்திற்கு மாறியது.

அத்தனை பிறப்புகளின்போதும் வெளியே காத்திருந்தவர்கள் கேட்ட முதற்கேள்வி ஒன்றே: ஆணா, பெண்ணா?

கேள்வி எளியது. அதன் பின்னே மறைந்திருந்த இன்னொரு கேள்வி எளியதன்று. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், 'இவளுக்கு ஆண் பிள்ளை பெறத் தெரியவில்லை' என்று தாயைக் குறை கூறிய குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல. தமிழகத்துச் சிற்றூர்களில் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் மகளுக்குப் பெயர் வைத்த வழக்கத்தை நம்மில் பலர் அறிவோம். சிங்கப்பூர் அரசும் இம்மனப்போக்கை எதிர்கொண்டது. 1972இல் தொடங்கிய 'இரண்டே போதும்' குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் சுவரொட்டி ஒன்று, பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் இரண்டே போதும் என்று வலியுறுத்தியது. ஆண் பிள்ளை பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போகும் வழக்கம் இங்கே இருந்திராவிட்டால் அவ்வாசகத்திற்குத் தேவையே எழுந்திராது.

தொடக்கப்பள்ளித் தமிழாசிரியராகிய நான் ஆண்பால், பெண்பால் கற்பிப்பவர். உயிரியல் கற்பிப்பவர் அல்லர். இருப்பினும், பிள்ளை ஆணா பெண்ணா என்பதை எது முடிவு செய்கிறது என்பதை மனிதகுலம் அறிந்துகொண்ட வரலாறு, ஆசிரியரும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்பது என் எண்ணம். அதனை இங்கே இயன்றவரை எளிமையாக எழுத முயல்கிறேன்.

முன்னோர் தந்த விடைகள்

பண்டைய கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், தந்தையின் வெப்பம் தாயின் குளிர்ச்சியை வென்றால் ஆண் பிறக்கும், தோற்றால் பெண் பிறக்கும் என்று கருதினார். பெண் என்பவள் முழுமை பெறாத ஆண் என்பது அவர் கருத்து. ஐரோப்பிய மருத்துவத்தில் இக்கருத்து பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது.

நம் திருமூலரும் திருமந்திரத்தில் கரு உருவாகும் விதத்தைப் பாடியுள்ளார். கருவுறும் வேளையில் மூச்சு வலப்பக்கம் ஓடினால் ஆண், இடப்பக்கம் ஓடினால் பெண் என்பது அவர் தரும் விளக்கம். அம்மூச்சு ஆணின் மூச்சு என்றே பொருள் கொள்வோர் உண்டு. இக்கால அறிவியலை அப்பாடலில் தேடுவது முறையாகாது. ஆயினும் பிள்ளையின் பாலுக்குத் தாயை மட்டும் பொறுப்பாக்கும் வழக்கத்திற்கு நம் பழைய நூலில் ஆதரவு தேடுவோர், அப்பகுதியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

நுண்ணோக்கி மேம்பட்டு, உயிரணுவின் உள்ளே பார்க்கும் ஆற்றல் மனிதனுக்குக் கிட்டும்வரை இத்தகைய ஊகங்களே விடைகளாக இருந்தன.

ஒரு புழுவும் ஓர் ஆசிரியையும்

உயிரணுவின் கருவில் நூலிழை போன்ற பொருள்கள் உள்ளன. அவற்றைக் குரோமோசோம்கள் என்கிறோம். மரபணுக்கள் அவற்றில்தான் வரிசையாக அமைந்துள்ளன. 1891இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஹென்கிங், ஒரு பூச்சியின் விந்தணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் பாதியில் மட்டும் ஒரு கூடுதல் பொருளைக் கண்டார். அது என்னவென்று விளங்காததால், கணக்குப் பாடத்தில் தெரியாத எண்ணைக் குறிப்பதுபோல், 'எக்ஸ்' என்று குறித்து வைத்தார். எக்ஸ் குரோமோசோம் என்ற இன்றைய பெயர் அக்குறிப்பிலிருந்து பிறந்ததே.

புதிரை அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார். 1861இல் பிறந்த இவர் முதலில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். பணம் சேர்த்து, தமது 35ஆம் வயதில்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும்.

1905இல் அவர் எடுத்துக்கொண்ட உயிர் மிக எளியது. நம்மூரில் பறவை வளர்ப்போர் தீனியாக வாங்கிச் செல்லும் மாவுப்புழு வண்டுதான் அது. பெண் வண்டின் உயிரணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண் வண்டிலோ 19 பெரியவையும் ஒரு மிகச் சிறியதும் இருந்தன. முட்டைகள் யாவும் பெரிய குரோமோசோமையே சுமந்தன. விந்தணுக்களில் பாதி பெரியதையும் பாதி சிறியதையும் சுமந்தன. பெரியதைச் சுமந்த விந்தணு முட்டையுடன் இணைந்தால் பெண், சிறியதைச் சுமந்தது இணைந்தால் ஆண் என்று அவர் முடிவுக்கு வந்தார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்பவரும் தனியே பூச்சிகளை ஆராய்ந்து இதனை ஒத்த முடிவை வெளியிட்டார். அச்சிறிய குரோமோசோமே பின்னர் 'ஒய்' எனப் பெயர் பெற்றது. ஸ்டீவன்ஸ் அம்மையார் 1912இல் மார்பகப் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரைவிட வில்சனின் பெயரே நெடுங்காலம் பாடநூல்களில் முன்நின்றது.

மனிதரிலும் ஒய் குரோமோசோம் உண்டு என்பதை 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் விரிவாக எழுதினார். ஆண்டுகளைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டுதான் தேக்காவின் மகப்பேற்று மருத்துவமனை திறக்கப்பட்டது. அதாவது, அங்கே முதல் குழந்தை அழுத நாளிலேயே விடை அச்சில் இருந்தது. தாயின் முட்டை எப்போதும் எக்ஸ்தான். தந்தையின் விந்தணு எக்ஸாகவும் இருக்கலாம், ஒய்யாகவும் இருக்கலாம். ஆயினும் ஆய்விதழில் அச்சான செய்தி, பேற்றறைக்கு வெளியே காத்திருந்த மாமியாரின் செவிக்குப் போய்ச் சேர மிக நீண்ட காலமாயிற்று. சில வீடுகளில் இன்னும் சேரவில்லை என்றே அஞ்சுகிறேன்.

எல்லா உயிர்களுக்கும் இவ்விதி பொருந்தாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோழி முதலிய பறவைகளில் நிலைமை தலைகீழ். அங்கே இருவகைக் குரோமோசோம்களைக் கொண்டிருப்பது பெட்டைதான். ஆகவே குஞ்சின் பாலைத் தாயின் முட்டையே முடிவு செய்கிறது. பாலூட்டிகளுள் பெரும்பாலானவற்றில்தான் அது தந்தையின் வழி வருகிறது.

ஒய்யின் உள்ளே

மனிதரிடம் மொத்தம் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன என்பதே நெடுங்காலம் தவறாக எண்ணப்பட்டு வந்தது. 48 என்று அனைவரும் நம்பியிருக்க, 46 என்று 1956இல் நிறுவியவர்கள் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும். ஜியோ நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் 1919இல் பிறந்தவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிறை முகாமில் துன்புற்றவர். போருக்குப்பின் ஐரோப்பா சென்ற அவர், சுவீடன் ஆய்வகத்தில் இக்கணக்கைத் திருத்தினார்.

கணக்கு சரியானதும் அடுத்த உண்மை வெளிப்பட்டது. பழ ஈக்களில் எக்ஸின் எண்ணிக்கையே பாலை முடிவு செய்கிறது. மனிதரிலும் அப்படியே இருக்கும் என்று அதுவரை கருதியிருந்தனர். 1959இல் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்ட ஆண்களையும், ஒரே ஒரு எக்ஸ் மட்டும் கொண்ட பெண்களையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எக்ஸ் எத்தனை இருந்தாலும், ஒய் இருந்தால் கரு பொதுவாக ஆணாக வளர்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

அப்படியாயின் ஒய்யின் எந்தப் பகுதி இதனைச் செய்கிறது? இத்தேடலில் ஓர் இந்தியரின் பங்கு குறிப்பிடத்தக்கது. உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் 1947இல் பிறந்த லால்ஜி சிங், பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். எடின்பரோவில் பணியாற்றியபோது, கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் மரபுப் பொருளில் ஒரு தனித்த தொடரைப் பிரித்தெடுத்தார். பெண் பாம்பின் பால் குரோமோசோமில் மிகுந்திருந்த அத்தொடரை ஒத்தவை சுண்டெலியின் ஒய்யிலும் காணப்பட்டன. இரண்டு எக்ஸ் இருந்தும் ஆணாக வளர்ந்த ஒருவகைச் சுண்டெலிகளில், ஒய்யின் ஒரு துண்டு எக்ஸுடன் ஒட்டிக்கொண்டிருப்பதை, அத்தொடரையே விளக்காகப் பிடித்து 1982இல் அவரும் கென்னத் ஜோன்ஸும் காட்டினர். அத்தொடர் தானே ஆண்பாலைத் தீர்மானிக்கும் மரபணுவன்று என்பது பின்னர் தெரிந்தது. எனினும் தேட வேண்டிய இடம் சுருங்கியது. லால்ஜி சிங் பிற்காலத்தில் ஹைதராபாத்தில் இந்தியாவின் மரபணு ரேகைத் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தார், 2017இல் மறைந்தார்.

1990இல் லண்டன் ஆய்வுக் குழுக்கள், ஒய்யில் இருந்த 'எஸ்.ஆர்.ஒய்.' என்னும் மரபணுவை அடையாளம் கண்டன. மறு ஆண்டு, எக்ஸ் இரண்டு கொண்ட சுண்டெலிக் கருவில் அம்மரபணுவைச் செலுத்தியபோது அது ஆணாக வளர்ந்தது.

மனிதக் கரு ஏறத்தாழ ஆறு வாரம்வரை ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவான உறுப்பமைப்பையே கொண்டுள்ளது. அதன்பின் எஸ்.ஆர்.ஒய். குறுகிய காலம் விழித்தெழுந்து, வேறொரு குரோமோசோமில் உள்ள 'சாக்ஸ்9' என்னும் மரபணுவைத் தூண்டுகிறது. அங்கிருந்து விந்தகம் உருவாகத் தொடங்குகிறது. ஒரு மரபணு இருப்பது மட்டும் போதாது. அது உரிய வேளையில், உரிய உறுப்பில், உரிய அளவில் செயல்படவும் வேண்டும். இதனையே மரபணு வெளிப்பாடு என்கின்றனர். ஒரே பாடநூல் எல்லா வகுப்பறையிலும் இருந்தாலும், எந்தப் பக்கத்தை எப்போது திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே பாடம் அமைவது போன்றது இது.

பெண் என்பவள் குறைபட்டவளா?

1947இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட், முயல் கருக்களில் பாலுறுப்புச் சுரப்பிகளை அகற்றினார். அக்கருக்கள் யாவும் வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே வளர்ந்தன. ஆணாக வளர விந்தகத்தின் சுரப்பு தேவை என்பது அதனால் விளங்கியது. சிறந்த கண்டுபிடிப்புதான். ஆனால் 'ஆண் என்பது உருவாக்கப்படுவது. பெண் என்பது எதுவும் நடக்காதபோது மிஞ்சுவது' என்று சிலர் அதனை விரித்துப் பேசினர். அரிஸ்டாட்டில் வேறு வழியாக மீண்டும் உள்ளே வந்துவிட்டார்!

பின்வந்த ஆய்வுகள் அதனைத் திருத்தின. 2009இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், முழு வளர்ச்சி பெற்ற பெண் சுண்டெலியின் சூலகத்தில் 'ஃபாக்ஸ்எல்2' என்னும் ஒரே மரபணுவை நீக்கினர். சூலகத்தின் உயிரணுக்கள் விந்தக உயிரணுக்களைப் போல மாறத் தொடங்கின. அதாவது, சூலகம் சூலகமாக நீடிப்பதற்கே மரபணுக்கள் வாழ்நாள் முழுவதும் உழைக்கின்றன. பெண்மை வெற்றிடம் அன்று. அதற்கும் தனியே ஒரு கட்டுமானம் உண்டு.

நம் கண்முன்னே உலவும் சான்று ஒன்றும் உண்டு. சிங்கப்பூரின் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூவண்ணப் பூனை படுத்திருக்கக் கண்டிருப்பீர்கள். அத்தகைய பூனைகள் அநேகமாக எல்லாமே பெண். பூனையின் உரோமத்தைக் கறுப்பாக்கும் அல்லது செம்மஞ்சளாக்கும் மரபணு எக்ஸில் உள்ளது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ் உண்டு. 1949இல் கனடாவின் முர்ரே பார், பெண் பூனையின் நரம்பணுக்களில் மட்டும் ஒரு கரும்புள்ளி தெரிவதைத் தம் மாணவருடன் சேர்ந்து கண்டறிந்தார். 1961இல் இங்கிலாந்தின் மேரி லயன் அம்மையார் சுண்டெலிகளின் உரோம நிறத்தை ஆராய்ந்து, பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடுகிறது என்று விளக்கினார். எந்த எக்ஸ் அடங்குவது என்பது கருவின் தொடக்க நாள்களில் உயிரணுவுக்கு உயிரணு தற்செயலாக அமைகிறது. ஆகவே பூனையின் உடலில் ஓரிடத்தில் தாய் தந்த நிறமும் மற்றோரிடத்தில் தந்தை தந்த நிறமும் வெளிப்படுகின்றன. நம் மகள்களின் உடலிலும் இவ்வாறே சில உயிரணுக்களில் தாயின் எக்ஸும் சிலவற்றில் தந்தையின் எக்ஸும் பணியாற்றுகின்றன. நிறம் தெரிவதில்லை, அவ்வளவே.

1984இல் வெளிவந்த மற்றொரு முடிவும் நினைவில் கொள்ளத்தக்கது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான அசிம் சுரானி கேம்பிரிட்ஜிலும், டேவர் சோல்ட்டர் அமெரிக்காவிலும் தனித்தனியே சோதனை நடத்தினர். தாயின் மரபுத்தொகுதி இரண்டை மட்டும் கொண்ட சுண்டெலிக் கருவும் பிழைக்கவில்லை. தந்தையின் இரண்டை மட்டும் கொண்டதும் பிழைக்கவில்லை. சில மரபணுக்கள் தாய்வழி வந்தால் மட்டும் செயல்படும், வேறு சில தந்தைவழி வந்தால் மட்டும் செயல்படும் என்பதே காரணம்.

அறிவு வந்தபின்

அறிவு வந்ததால் மட்டும் மனம் மாறிவிடுவதில்லை. இந்தியாவில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறியும் கருவிகள் வந்ததும், பெண் கருவை அழிக்க அவை பயன்பட்டன. 1994இல் அதனைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 976 பெண் குழந்தைகள் என்று 1961இல் இருந்த அனைத்திந்திய விகிதம், 2001இல் 927 ஆகக் குறைந்தது. தமிழகத்தில் அது 2001இல் 942, 2011இல் 943. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

எக்ஸ், ஒய் என்ற இரண்டெழுத்தால் எல்லா மனிதரையும் அளந்துவிடலாம் என்ற எண்ணமும் துன்பம் விளைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்டவீராங்கனை சாந்தி சௌந்தரராஜன், 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் அப்பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. உலகமே அவர் உடலைப் பற்றிப் பேசியது. 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகள அமைப்பு மகளிர் பிரிவில் போட்டியிடுவோர்க்கு எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அம்மரபணுவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே இதனை வெளிப்படையாக எதிர்த்தார். மரபணு இருக்கிறதா என்று சோதனை சொல்லும். அது எவ்வாறு செயல்படுகிறது, உடல் அதற்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதைச் சொல்லாது என்பது அவர் வாதம்.

இவ்விடத்தில் நம் ஊரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். ஷான் ரத்தினம், 1971 ஜூலை 30 அன்று கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமான குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அறுவை சிகிச்சையின்வழி பாலினம் மாறியோர் திருமணம் செய்துகொள்ள வழிசெய்து, 1996இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் மாதர் சாசனத்தைத் திருத்தியது. பால் அடையாளம் மாறுபட்டோரைத் தொல்காப்பியரே தம் இலக்கணத்தில் உயர்திணையில் வைத்துப் பேசியுள்ளார் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். அவர்களை அஃறிணையாக நடத்த நம் மரபில் இடமில்லை.

பெற்றோர்க்கும் சக ஆசிரியர்க்கும்

தாயைக் குற்றம் சொன்னது தவறு என்றால், இனித் தந்தையைக் குற்றம் சொல்லலாமா என்று கேட்கலாம். அதுவும் தகாது. எந்த விந்தணு முந்தும் என்பது எந்தத் தந்தையின் விருப்பத்திற்கும் கட்டுப்பட்டதன்று. இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே பூவா தலையா போட்டுப் பார்ப்பதை ஏறக்குறைய ஒத்தது இது. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நாணயத்தைக் கொடுத்து மூன்று முறை சுண்டச் சொல்லுங்கள். 40 பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ ஐவருக்கு மூன்று முறையும் பூவே விழும். அந்த ஐவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. நான்காம் முறை சுண்டும்போது, முந்தைய மூன்றையும் நாணயம் நினைவில் வைத்திருப்பதுமில்லை. மூன்று பெண்களைப் பெற்ற வீட்டிற்கும் இதே கணக்குத்தான்.

ஆண்பால் பெண்பால் பாடம் நடத்தும்போது, மாணவர் எழுதும் எடுத்துக்காட்டுகளைச் சற்றுக் கவனியுங்கள். 'மகன் படித்தான், மகள் சமைத்தாள்' என்ற வாக்கியம் இன்றும் எத்தனை பயிற்சித்தாள்களில் உள்ளது! இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் வீட்டில் கேட்கும் பேச்சுக்கு அத்தாள் முத்திரை குத்திவிடுகிறது. 'மகள் படித்தாள், மகன் சமைத்தான்' என்று எழுதினாலும் விகுதி மாறுவதைப் பிள்ளைகள் நன்றாகவே கற்றுக்கொள்வார்கள்.

உங்கள் குடும்பத்தில் அடுத்து ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது, பெற்றவளின் முகத்தைப் பார்த்து யாரேனும் பெருமூச்சு விட்டால், 1905ஆம் ஆண்டு ஓர் ஆசிரியை ஒரு புழுவில் கண்ட உண்மையை அவர்களுக்கு அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். சொல்லிப் பார்த்தோர் உங்களில் இருந்தால், அவர்கள் என்ன மறுமொழி கூறினார்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். படிக்க ஆவலாக உள்ளேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்